நூற்று முப்பத்திரண்டில் ஒன்று

அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளியின் மாடி.
வெந்நீரைத் துடுப்பால் கலக்குவதுபோல
மின்விசிறி சுற்றுகிறது.
ஏப்ரல். விடைத்தாள் திருத்தும் முகாமின் நான்காம் நாள்.
கட்டில் பதினேழாவது தாள்:
பெயரில்லை, ஊரில்லை, டம்மி எண் மட்டும்.
ஏழின் இடுப்பில் கோடு போடுகிற கை.
அவ்வளவுதான் தெரியும்.

ஐந்து மதிப்பெண் கணக்கு.
எக்ஸ், பெருக்கல்,
ஒன்று கழித்தல் எக்ஸின் பத்தாம் அடுக்கு.
பூஜ்யம் முதல் ஒன்று வரை தொகையிடு.
ஒன்று கழித்தல் எக்ஸை யு என்று வைத்திருந்தது அந்தக் கை.
எல்லாரும் வைப்பதுதான்.
அடுத்த வரியில் டி எக்ஸ் போய் டி யு வந்து உட்கார்ந்தது,
வரும்போது கூடவே வரவேண்டிய மைனஸைக்
காணோம்.

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
அதற்கும் அடுத்த வரியில்
எல்லைகள் அசையவே இல்லை.
கீழே பூஜ்யம், மேலே ஒன்று.
தலைகீழாகியிருக்க வேண்டியவை
ஒன்றுமே நடக்காததுபோல நின்றன.
ஒரு தப்பின் கடனை
இன்னொரு தப்பு அடைத்துவிட்டது.
பதினொன்றில் ஒன்று கழித்தல் பன்னிரண்டில் ஒன்று.
நூற்று முப்பத்திரண்டில் ஒன்று.
கட்டம் கட்டி, அதன் கீழே இரண்டு கோடு.
விடைக்குறிப்பிலும் அதுவே.

மூன்று போட்டேன்.

குணசீலன் சார் மறுபார்வையில் நிறுத்தினார்.
"விடை சரிதானே டெல்பின் டீச்சர்?
நூறுக்குப் போகிற பேப்பர் இது."
எதிர் மேஜையிலிருந்து மெகருன்னிசா எட்டிப் பார்த்தாள்.
"தெரியாமல் விட்டது என்று எப்படிச் சொல்கிறாய்?
மனசுக்குள் மைனஸ் போட்டு
மனசுக்குள்ளேயே எல்லையைத் திருப்பியிருக்கும்.
நேரமில்லை, எழுதவில்லை."

என்னிடம் பதில் இல்லை.
தெரிந்து தாண்டிய கையும்
தெரியாமல் தாண்டிய கையும்
தாளில் ஒரே எழுத்தைத்தான் எழுதுகின்றன.
மூன்றை அடித்து ஐந்து போட்டுச்
சுருக்கொப்பம் வைத்தேன்.

ஐந்தேகால் பஸ்.
மடியில் பொட்டலமாய் ஒரு தட்டுவடை செட்,
பீட்ரூட் சாறு காகிதத்தில் ஊறுகிறது.
அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி.
இடது ஜன்னலில் இருந்த பள்ளம்
வலது ஜன்னலுக்குப் போனது.
இரண்டாவதில் திரும்பி வந்தது.
மூன்றாவதில் மறுபடி போனது.
தினமும் பார்ப்பதுதான்,
இன்றைக்குத்தான் எண்ணினேன்.
இருபது வளைவு, இரட்டைப்படை.
இருபது முறை குறி மாறி
கடைசியில் மாறாத மாதிரியே ஊர் வரும்.
அதற்காக, இரண்டும் அடிபட்டுப் போகும் என்று
டிரைவர் இரண்டு வளைவை விட்டுவிட முடியாது.
பன்னிரண்டாவதில் அவர் முழு உடம்பையும்
ஸ்டியரிங் மேல் சாய்த்தார்.
கம்பியைப் பிடித்தபடி நானும் சாய்ந்தேன்.
கீழே, வெயில் போன பிறகும் வெளுத்துக் கிடந்தது
மேக்னசைட் தோண்டிய பூமி.

அந்தப் பிள்ளை என்னவோ போய்ச் சேர்ந்துவிட்டது.
எந்தச் சாலையில் என்றுதான்
யாருக்கும் தெரியாது.

அப்பாவின் ஆபரேஷனை
நான் ரொசாரிக்குச் சொல்லவில்லை.
யார் மூலமோ தெரிந்தும்
அவள் வரவில்லை.
இவள் சொல்லவில்லை என்று அவளாலும்
அவள் வரவில்லை என்று என்னாலும்
வாயெடுக்க முடியாமல் போனது.
கிறிஸ்துமஸுக்கு ஒரே கேக்கை
இரண்டு பேரும் கத்தி பிடித்து வெட்டினோம்.
போட்டோவில் சிரிப்பு நன்றாகவே விழுந்திருக்கிறது.
விடை சரி.
நடுவில் இரண்டு வரி.

குளிர் ஏற ஏற
யாரோ ஜன்னலை இறக்கினார்கள்.
20/20 என்றது பலகை,
யாரோ திருத்தி முழு மதிப்பெண் போட்டதுபோல.
நாளை காலை இறங்கும்போது
இதுதான் முதல் வளைவு.

கைப்பேசி துடித்தது. ரொசாரிதான்.
"காப்பி பூத்துவிட்டதா அங்கே?"

"பூத்துவிட்டது" என்று அடித்தேன்.
அனுப்பவில்லை.
அதற்கு மேலே
ஒரு வரிக்கு இடம் விட்டு
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.